தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் கூலண்ட் குறைகிறது. எங்கே தேடுவது?

பழுப்புப் பெட்டி:
வணக்கம். என்னிடம் இருப்பது இருபது வயதைத் தாண்டிய பெட்ரோல் கார். சில வாரங்களாக ரிசர்வ் டாங்கில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) இறங்கிக்கொண்டே வருகிறது. மேல் கோடு வரை நிரப்பினால் கொஞ்ச நாளில் கீழ்க் கோட்டுக்கு வந்துவிடுகிறது. இரவு முழுக்க வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தேன், ஈரமே இல்லை. டெம்பரேச்சர் முள் நடுவில்தான் நிற்கிறது. நீண்ட தூரம் ஓட்டி நிறுத்தினால் மட்டும் பானட் பக்கம் ஒரு தித்திப்பான வாடை வருகிறது.

ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கத்தில் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் நுரை ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த மெக்கானிக் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில், கூலண்டும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார். அப்பா ஓட்டிய வண்டி இது. வேண்டிய வேலை என்றால் செய்துவிடுவேன். ஆனால் நிச்சயமாகத் தெரியாமல் எஞ்சினைப் பிரிக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

காற்றாடி:
ஒழுகலை அடைக்கும் திரவம் பாட்டிலில் கிடைக்கிறது. ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். சின்னக் கசிவு என்றால் நின்றுவிடும்.

ஸ்பானர் பை:
ஹெட்டில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். அடைப்புத் திரவமும் வேண்டாம். காற்றாடி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அந்தச் சரக்குக்கு ஓட்டை எது, வழி எது என்று தெரியாது. பழைய வண்டியில் ஹீட்டர் கோரின் (வண்டிக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்) குழாய்கள் ஏற்கெனவே படிவு பிடித்துக் குறுகிப்போயிருக்கும், முதலில் அடைபடுவது அதுதான். ஒரு கசிவை மறைக்கப் போய் இன்னொரு வேலையை இழுத்துவிட வேண்டாம்.

மூடியில் இருக்கும் நுரையை மட்டும் வைத்து ஹெட் கேஸ்கெட் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதில்லை, உள்ளே இருக்கும் ஈரம் மூடியில் படிந்து அப்படி நுரைக்கும். ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் தெளிவாக இருந்து, அளவும் ஏறாமல் இருந்தால் பதறத் தேவையில்லை.

அடுத்து ரேடியேட்டர் மூடி. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு மட்டும் திறங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும், இதில் அவசரமே கூடாது. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று அழுத்த அளவு பொறித்திருக்கும், அது பார் கணக்கு. அடியில் இருக்கும் ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ கூலண்ட் ரிசர்வ் டாங்குக்குத் தள்ளப்பட்டு, ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக ஓடும்போதே வெளியே போய்விடும். நிறுத்தின இடத்தில் சொட்டு தெரியாது. அழுத்தம் நிற்காவிட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் சாதாரணக் காற்றழுத்தத்தில் 107 டிகிரி செல்சியஸ் வாக்கில் கொதிக்கும். மூடி 1 பார் பிடித்து வைத்தால்தான் அது 125-ஐத் தாண்டும்.

மூடி சரி என்றால் பிரஷர் டெஸ்டர் ஒன்று இரவல் வாங்குங்கள். கைப்பம்பும் மீட்டரும் சேர்ந்த கருவி அது. காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன், மூடி இருக்கும் இடத்தில் அதை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவு வரை அடியுங்கள். அதற்கு மேல் ஒரு அடிகூட வேண்டாம், பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி தாங்காது. கால் மணி நேரம் விட்டு முள்ளைப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சூடாக இருக்கும்போது கசிகிற துளி இரும்பில் பட்ட உடனே ஆவியாகிவிடும். உங்கள் அட்டை காய்ந்தே இருப்பதும், வாடை மட்டும் வருவதும் அதனால்தான். குளிரில் உலோகமும் ரப்பரும் சுருங்கி, ஒளிந்திருக்கும் இடுக்கும் திறந்துகொள்ளும்.

முள் இறங்கினால் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு தேடுங்கள். மேல் ஹோஸ் கிளாம்ப், ரேடியேட்டரில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேரும் மடிப்பு, தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலண்டுக்கு வழி திறக்கும் வால்வு) கூடு, வாட்டர் பம்ப், பின்னால் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்கள், பிளாக்கில் இருக்கும் வட்டத் தகடுகள். ஈரம் கீழே வழியும், ஃபேன் காற்றில் பின்னாலும் போகும். ஆகவே ஈரம் தெரியும் இடங்களில் மிக உயரமானதுதான் மூலம். காய்ந்துபோன கூலண்ட் வெள்ளையாகவோ, ஊற்றிய நிறத்திலோ உப்புப் பூத்த மாதிரி நிற்கும், ஈரம் இல்லாவிட்டாலும் அது காட்டிக்கொடுக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் கார்ப்பெட்டையும் தொட்டுப் பாருங்கள். அது ஈரமாக இருந்து, முன் கண்ணாடியில் பிசுபிசுப்பும் படிந்தால் ஹீட்டர் கோர்.

முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால்தான் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் நீல திரவம் உள்ள குழாயை வைத்து ஓடும் எஞ்சினின் காற்றை இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். உங்கள் மெக்கானிக்கிடம் இதைச் செய்துகாட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

பழுப்புப் பெட்டி:
மிக்க நன்றி அண்ணா. டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருக்கிறது. மூடியின் ரப்பரும் நன்றாகவே இருக்கிறது. இன்று காலை டெஸ்டர் போட்டேன். 0.9-க்கு அடித்தது கால் மணி நேரத்தில் 0.7-க்கு வந்துவிட்டது. ஹோஸ்கள் எல்லாம் காய்ந்திருக்கின்றன. டைமிங் பெல்ட் (வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து இயங்கவைக்கும் பெல்ட்) கவரின் கீழ் விளிம்பில் மட்டும் ஒரு துளி தொங்குகிறது. துடைத்தால் மறுபடி ஊறுகிறது. கவரின் மேல் பாதியைக் கழற்றிக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன். வாட்டர் பம்ப் உடம்பின் அடிப்பக்கத்தில் பென்சில் முனை அளவு ஓட்டை, அதிலிருந்து கீழே பச்சை நிறத்தில் பொருக்குக் கட்டி ஒரு கோடு இறங்குகிறது. அந்த ஓட்டைதான் காரணமா? அடைத்துவிடலாமா?

ஸ்பானர் பை:
அருமையாகத் தேடியிருக்கிறீர்கள். அந்த ஓட்டையை அடைக்கக் கூடாது. அது கம்பெனியே வைத்தது. பம்பின் ஷாஃப்டில் கூலண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு சீல் இருக்கிறது. சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வடியத்தான் அந்த வழி. அடைத்தால் பேரிங் கெட்டு, பம்பே இறுகிவிடும். உங்கள் வண்டியில் பம்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட் என்பதால் அது பெல்ட்டையும் அறுத்துவிடும். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும். அப்போது நிஜமாகவே ஹெட்டை இறக்க வேண்டியிருக்கும். வேலை முடியும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

பம்பை மட்டும் மாற்றி நிறுத்த வேண்டாம். கூலண்டில் நனைந்த டைமிங் பெல்ட்டை நம்ப முடியாது. பெல்ட், அதை இறுக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் ஐட்லர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள், பிரிக்கும் வேலை ஒன்றுதான். பம்பின் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது அலுமினியத்தில் கீறல் விழக் கூடாது, அந்தக் கீறல் வழியே புதுப் பம்பும் கசியும். பெல்ட்டை மாட்டிய பிறகு பற்சக்கரங்களில் உள்ள டைமிங் குறிகளைச் சரிபார்த்து, கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கிய ஷாஃப்ட்) கையாலேயே, ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் திரும்பவும் சேருகின்றனவா என்று பார்க்காமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. மெக்கானிக் செய்தாலும் பக்கத்தில் நின்று இதை மட்டும் பாருங்கள்.

வடித்த கூலண்டைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம், இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும்.

நீர்க்கோடு:
ஒன்று சேர்க்கிறேன். புதுக் கூலண்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்குப் பொது விதி எதுவும் கிடையாது. வண்டிப் புத்தகத்தில் எந்த வகை என்று போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். அடர் கூலண்ட் என்றால் குழாய்த் தண்ணீரைக் கலக்காமல் தாது நீக்கிய நீரைப் பாதிக்குப் பாதி கலக்குங்கள்.

பழுப்புப் பெட்டி:
பம்ப், பெல்ட், டென்ஷனர், ஐட்லர் எல்லாம் மாற்றியாயிற்று. குறிகள் இரண்டு சுற்றுக்குப் பிறகும் அப்படியே சேர்ந்தன, நின்று பார்த்தேன். பழைய பம்பின் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினால் கையிலேயே ஆட்டம் தெரிகிறது. டெஸ்டரை மறுபடி போட்டதில் முள் அசையவில்லை. ஆனால் ஹீட்டர் போட்டால் சூடு வந்து வந்து போகிறது. இது வேறு கோளாறா?

ஸ்பானர் பை:
காற்று மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான். வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். காற்று விடும் திருகு இருந்தால் குமிழ் நின்று தண்ணீர் மட்டும் வரும்வரை அதைத் திறந்து வையுங்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடேறியதும் மட்டம் சட்டென்று ஒரு முறை இறங்கும், அதையும் நிரப்பி மூடிவிடுங்கள். மறுநாள் காலை ஆறிய பிறகு ரிசர்வ் டாங்கைப் பார்த்து, குறைந்திருந்தால் கோடு வரை ஊற்றுங்கள். ஹீட்டர் சூடு ஒரே சீராக வந்தால் வேலை முடிந்தது.