கச்சா எண்ணெய் இறங்கினாலும் லாரி வாடகை ஏன் இறங்குவதில்லை?

ராயக்கோட்டைத் தக்காளிக்காரன்:
மண்டியிலிருந்து சென்னைக்குத் தக்காளி அனுப்புகிறேன். டீசல் ஏறினால் மறுநாளே வாடகை ஏறுகிறது, சரி. ஆனால் 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனதே, அந்தக் குறைவு எங்கே போனது?

தர்மபுரி வாத்தியார்:
வரிக்குப் போனது அண்ணா. 2020 மே மாதம் மத்திய அரசு லிட்டருக்கு பெட்ரோலில் 10 ரூபாய், டீசலில் 13 ரூபாய் வரி ஏற்றியது. பங்க்கில் விலை அப்படியே நின்றது. நாம் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளியில் வாங்குகிறோம், அதுவும் டாலரில், அதனால் விலை ஏறும்போது டாலர் தேவை கூடி ரூபாயும் சரியும், அப்புறம் உரம், சமையல் எண்ணெய் என்று இறக்குமதியாகும் மற்றதெல்லாம் சேர்ந்து ஏறும். இரட்டை அடி. எண்ணெய் விற்கும் நாட்டுக்கு இது தலைகீழ்: 2014க்குப் பிறகு விலை சரிந்ததில் 2016ல் நைஜீரியாவின் பொருளாதாரமே சுருங்கியது.

கிருஷ்ணகிரி லாரி:
எங்களையும் கொஞ்சம் கேளுங்க. டீசல் இறங்கினாலும் வண்டி டியூ இறங்காது, டோல் இறங்காது. திரும்பும்போது லோடு கிடைக்காமல் காலியாக ஓட்டி வருவதற்கும் டீசல் ஊற்றத்தான் வேண்டும்.

ராயக்கோட்டைத் தக்காளிக்காரன்:
காலி வண்டியா? சென்னையிலிருந்து காலிப் பெட்டிகளை ஏற்றி வருகிறீர்களா, பேசலாம்.