வாடகை வீட்டை எல்.எல்.சி. பெயரில் வாங்கலாமா?

கலிஃபோர்னியாவில் குடியிருந்துகொண்டு, விலை குறைவு என்பதால் டெக்சாஸில் வாடகைக்கு விட ஒரு வீடு வாங்க நினைக்கும் நம்மவர்களில் பலர், அதற்காக எல்.எல்.சி. எனும் வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம் தொடங்கினால் வரி குறையும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை முதலிலேயே விட்டுவிடுங்கள். ஒரே உறுப்பினர், அதாவது ஒரே உரிமையாளர், உள்ள எல்.எல்.சி.யை, அவர் வேறு வரி வகையைக் கேட்டுப் பெறாதவரை, அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். அவரிடமிருந்து பிரித்துப் பார்ப்பதில்லை. வாடகை வரவு, கடன் வட்டி, கட்டடத்தின் விலையை 27.5 ஆண்டுகளுக்குப் பிரித்துக் கழிக்கும் தேய்மானம் ஆகிய எல்லாம், வீடு உங்கள் பெயரில் இருந்தாலும் அந்த எல்.எல்.சி. பெயரில் இருந்தாலும், உங்கள் சொந்த வரிக்கணக்கின் ஷெட்யூல் ஈ படிவத்தில்தான் இடம்பெறும்.

எல்.எல்.சி. தருவது பாதுகாப்பு. வாடகைதாரரைப் பார்க்க வந்தவர் படியில் விழுந்து வழக்குத் தொடுத்தால், பொறுப்பு பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொத்தோடு நின்றுவிடும். உங்கள் சேமிப்பு தப்பும். ஆனால் அந்தப் படியை நீங்களே அரைகுறையாகப் பழுதுபார்த்திருந்தால், உங்கள் கவனக்குறைவுக்கு நீங்களே பதில் சொல்ல வேண்டும். வாடகையைச் சொந்த வங்கிக் கணக்கில் வாங்கி, அதிலேயே மளிகைச் செலவும் செய்துவந்தால், நிறுவனம் பெயரளவில்தான் இருக்கிறது என்று நீதிமன்றம் அதை ஒதுக்கிவிடவும் கூடும். தனிக் கணக்கு, தனிப் பதிவேடு, நிறுவனத்தின் பெயரில் கையெழுத்தான வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை ஆண்டுதோறும் சலிக்காமல் பேண முடியாதவர்களுக்கு இது உதவாது என்பதே என் உறுதியான எண்ணம்.

செலவுக் கணக்கில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். டெக்சாஸில் எல்.எல்.சி. பதிவுக் கட்டணம் 300 டாலர். ஆனால் நீங்கள் கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து அதை நிர்வகித்தால், அந்த மாநிலம் அதைத் தன் எல்லைக்குள் தொழில் செய்யும் நிறுவனமாகவே கருதி, வாடகையில் நட்டம் வந்தாலும் ஆண்டுக்கு 800 டாலர் கேட்கும். ஆண்டுக் கட்டணம் 60 டாலர்தான் என்று ஒரு முகவர் சொன்னதைக் கேட்டு நான் வையோமிங்கில் பதிவு செய்தேன். வீடு டெக்சாஸில் இருந்ததால் அங்கே வெளிமாநில நிறுவனமாகப் பதிய 750 டாலர் ஆயிற்று. கலிஃபோர்னியாவின் 800 டாலரும் குறையவில்லை. மூன்று மாநிலங்களுக்குப் பணம் கட்டிய பின்புதான், வீடு இருக்கும் மாநிலத்திலேயே பதிந்திருக்கலாம் என்பது புரிந்தது.

அடுத்தது கடன். குறைந்த வட்டிக்குக் கிடைக்கும் வழக்கமான வீட்டுக்கடனைத் தனிநபருக்குத்தான் தருவார்கள், எல்.எல்.சி.க்குக் கிடைக்கும் கடனுக்கு வட்டியும் முன்பணமும் பெரும்பாலும் கூடுதல். சொந்தப் பெயரில் கடன் வாங்கிவிட்டுப் பத்திரத்தை நிறுவனத்துக்கு மாற்றினால், முழுக் கடனையும் உடனே கட்டச் சொல்லும் உரிமை ஒப்பந்தப்படி வங்கிக்கு உண்டு. இந்த விஷயத்தில் சில மாற்றங்களுக்கு விலக்களிக்கும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் எல்.எல்.சி. இல்லை. ஆகவே வங்கியின் சம்மதத்தை எழுத்தில் பெறாமல் பத்திரத்தைத் தொடாதீர்கள்.

முதல் வீடு வாங்குபவருக்கு நான் சொல்வது இதுதான்: சொந்தப் பெயரில் வாங்கி, வாடகை வீட்டுக்கு உரிய காப்பீட்டையும் அதன் வரம்பைத் தாண்டும் இழப்பீட்டை ஏற்கும் 10 லட்சம் டாலர் அம்ப்ரெல்லா பாலிசியையும் எடுங்கள். அதன் ஆண்டுப் பிரீமியம் பெரும்பாலும் சில நூறு டாலர்தான். வழக்கறிஞர் செலவையும் காப்பீட்டு நிறுவனமே ஏற்பது வழக்கம், எல்.எல்.சி. அதைச் செய்யாது.

நண்பருடனோ உடன்பிறந்தவருடனோ சேர்ந்து வாங்கினால் மட்டும் என் பதில் மாறும். யார் எவ்வளவு போட்டார், விலக நினைப்பவரின் பங்குக்கு எப்படி விலை வைப்பது என்பதையெல்லாம் உறுப்பினர் ஒப்பந்தத்தில் எழுதிவைப்பது உறவையும் காக்கும். அப்போது ஆண்டுதோறும் மார்ச் 15-க்குள் கூட்டு நிறுவனங்களுக்கான வரிக்கணக்கான 1065 படிவத்தை ஐ.ஆர்.எஸ்.ஸிடம் தர வேண்டும். தாமதித்தால் ஒவ்வொரு உறுப்பினருக்கும் மாதக் கணக்கில் அபராதம் ஏறும். ஊரிலிருக்கும் அப்பாவை ஒரே உறுப்பினராகப் போட்டு நிறுவனம் தொடங்க எண்ணுபவர்கள், வெளிநாட்டு உரிமையாளர் உள்ள நிறுவனங்கள் தர வேண்டிய 5472 படிவத்தை மறக்கவே கூடாது, ஏனெனில் அதைத் தராவிட்டால் அபராதம் 25,000 டாலர்.

வீட்டைப் பின்னாளில் நிறுவனத்துக்கு மாற்றுவதாக இருந்தால், பத்திரம் பதிவாகும் அன்றே காப்பீட்டிலும் உரிமையாளர் பெயரை மாற்றுங்கள். பழைய பெயரிலேயே பாலிசி இருந்தால் இழப்பீடு மறுக்கப்படக்கூடும்.