அக்கா ஆசிரமத்துல சேர்ந்துட்டா, கேஸ் போடலாமா வேண்டாமா?

கொடுமுடிக்காரன்:
வணக்கம்ங்க. அக்காவுக்கு 34 வயசு, சோழிங்கநல்லூர்ல ஐடி வேலை, நல்ல சம்பளம். ரெண்டு வருஷம் முன்னாடி தூக்கம் வரலைன்னு ஒரு வீக்கெண்ட் தியான கிளாஸுக்கு போனா, அப்புறம் அங்கயே சேவைக்கு போக ஆரம்பிச்சா, போன வைகாசில வேலைய விட்டுட்டு பெட்டியோட போயிட்டா. பேர மாத்திட்டாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் போன், பத்து நிமிஷம், பக்கத்துல யாரோ உக்காந்திருக்காங்கன்னு அவ பேச்சுலயே தெரியும். அப்புச்சி (அம்மாவோட அப்பா) தவறுனதுக்கு கூட கருமாதிக்குத்தான் வந்தா, கூட ஆசிரமத்துல இருந்து ஒரு 'அம்மா', வீட்டுல ஒரு வாய் சாப்பிடல. அப்பா ஆட்கொணர்வு மனு போடறேன்னு வக்கீலுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துட்டாரு. போடலாமா? இடத்தோட பேர் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

பவானி_ராசா:
யோசிக்காம போடுங்க தம்பி. எங்க சித்தப்பா பையன் 2011ல போனான், "விடு, சலிச்சுப்போய் அவனா வருவான்"னு ஊரே சொல்லுச்சு, நாங்களும் இருந்தோம். முதல்ல பைக் போச்சு, அப்புறம் பிஎஃப் பணம், அப்புறம் ஒரு நாள் வந்து பாகம் பிரிச்சுக் குடுங்கன்னு நின்னான், ரெண்டு ஏக்கர் தென்னந்தோப்பு, அத அப்படியே எழுதிக் குடுத்துட்டான். சித்தி அந்த வருஷமே படுத்தவங்கதான். காத்திருக்கறதுன்றது சும்மா இருக்கறதுக்கு இன்னொரு பேரு.

குமாஸ்தா_62:
கோர்ட்ல முப்பது வருஷம் குப்பை கொட்டினவன் சொல்றேன். 18 தாண்டினவங்கள பெத்தவங்க கேட்டாங்கன்னு கோர்ட் பிடிச்சுக் குடுக்காது. 2024 ஞாபகம் இருக்கா, கோவை பக்கம் ஒரு பெரிய யோகா மையத்துல இருந்த ரெண்டு பொண்ணுங்களுக்காக அப்பா ஹைகோர்ட் போனாரு. பொண்ணுங்களுக்கு 42, 39 வயசு. ஹைகோர்ட் அறிக்கை கேட்டுச்சு, அக்டோபர் 1 போலீஸ் பெரும் படையா உள்ள போச்சு, ரெண்டே நாள்ல சுப்ரீம் கோர்ட் கேஸ தன்கிட்ட இழுத்துக்கிச்சு, நீதிபதிங்களே பொண்ணுங்ககிட்ட பேசினாங்க, "எங்க இஷ்டத்துலதான் இருக்கோம்"னாங்க, அக்டோபர் 18 அந்த மனு முடிஞ்சுது. உங்க அக்காவும் அதையேதான் சொல்வாங்க. வக்கீல் இத உங்க அப்பாகிட்ட சொன்னாரான்னு கேளுங்க.

மௌனம்_நல்லது:
நானும் ஒரு இடத்துல வாரம் ரெண்டு நாள் சேவை பண்றேன், எனக்கு யாரும் மூளைச்சலவை பண்ணல. அக்கா ஒரு மாப்பிள்ளைய கட்டிக்கிட்டு துபாய் போயிருந்தா? அப்பவும் ஞாயித்துக்கிழமை கால்தான், அப்பவும் மாமியார் பக்கத்துல உக்காந்திருப்பாங்க, அப்பவும் தாத்தா சாவுக்கு லேட்டாத்தான் வருவாங்க, அத யாரும் கல்ட்னு சொல்ல மாட்டீங்க. ஐடி கம்பெனி ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பினப்ப எந்த அப்பா மனு போட்டாரு? 34 வயசு பொண்ணு கல்யாணம் வேண்டாம்னு சொன்னதுதான் உங்களுக்கு உறுத்துது.

பவானி_ராசா:
@மௌனம்_நல்லது துபாய்ல இருந்து பணம் வரும் ஐயா, இங்க இருந்து பணம் போகுது. உங்க இடத்துல இருந்து நாளைக்கே கிளம்பணும்னா கிளம்பலாமா? கிளம்பினவங்கள பத்தி உள்ள என்ன பேசிக்குவீங்க? அத மட்டும் சொல்லுங்க.

முன்னாள்_சீடன்:
நான் அந்த 'உள்ள' ஆறு வருஷம் இருந்தேன் (வேற இடம், வேற சாமி). மௌனம் சொல்றதுல ஒண்ணு சரி, எல்லா ஆசிரமமும் அப்படி இல்ல. பவானி அண்ணன் கேட்டதுதான் அளவுகோல். எங்க இடத்துல போனவன் பேர சொல்லக்கூடாது, "கர்மா இழுத்துட்டுப் போச்சு"ன்னு மட்டும் சொல்வாங்க. காலைல மூணரைக்கு எழுந்திருக்கணும், ஒரு வேளை சாப்பாடு, ராத்திரி பதினொண்ணு வரைக்கும் வேலை, தூக்கம் இல்லாதவனுக்கு சந்தேகம் வராதுங்க, வந்தாலும் அத யோசிச்சு முடிக்க தெம்பு இருக்காது.

கேஸ் பத்தி. எங்க கூட இருந்த ஒரு பொண்ணுக்கு வீட்டுல மனு போட்டாங்க. அதுக்கு முன்னாடி அவ ஊசலாடிட்டுத்தான் இருந்தா, ராத்திரி பாத்திரம் கழுவறப்ப அம்மாவ பத்தி பேசுவா. ஜட்ஜ் முன்னாடி நின்னு "அப்பா சொல்றது பொய்"னு சொல்லிட்டு வந்தா பாருங்க, அன்னிக்குத்தான் முழுசா அவங்க ஆளா ஆனா. அவ்ளோ பேர் முன்னாடி சொன்னத எப்படி மாத்துவா? திரும்பி வந்தப்ப மாலை போட்டு வரவேற்பு.

பவானி_ராசா:
அப்ப தூக்கிட்டு வந்துடணும், கோர்ட் எதுக்கு. நாலு நாள் வீட்டுல வச்சு சோறு போட்டு பேசினா தெளிஞ்சிரும்.

குமாஸ்தா_62:
தூக்கினா உள்ள போறது நீங்க. இத அமெரிக்கால பண்ணிப் பாத்துட்டாங்க, 1991ல ஒரு அம்மா, 18 வயசு பையன் சர்ச்ச விட்டு வரணும்னு ஆள் வச்சு தூக்கி அஞ்சு நாள் அடைச்சு வச்சு பேசினாங்க. மனசு மாறினவன் மாதிரி நடிச்சு தப்பிச்சு போலீஸுக்கு போனான், 1995ல நஷ்டஈடு கேஸ் ஜெயிச்சான், லட்சக்கணக்குல டாலர்.

மௌனம்_நல்லது:
ஸ்டீவன் ஹாசன்னு ஒருத்தர், மூனிஸ்னு, கொரியாக்காரர் மூன் ஆரம்பிச்ச சர்ச் கூட்டத்துல இருந்தவரு, பின்னாடி இந்த மாதிரி குழுக்கள எதிர்த்தே வாழ்க்கைய ஓட்டினவரு, அவரே ஆள கட்டாயப்படுத்தி மாத்தறது தப்புன்னுதான் சொல்றாரு.

பவானி_ராசா:
அவரு எப்படி வெளிய வந்தாருன்னு சேத்து சொல்லுங்களேன். 1976ல தூக்கமில்லாம வண்டி ஓட்டி லாரில மோதி, கால் உடைஞ்சு படுத்தப்ப, வீட்டுல ஆள் வச்சு பேச வச்சாங்க. ஓட முடியல, அதான் கேட்டாரு.

முன்னாள்_சீடன்:
அண்ணா, கதை அதான், ஆனா அவரு அடிபட்டதும் போன் பண்ணது யாருக்கு? தங்கச்சி முறையோ அக்கா முறையோ, கூடப் பொறந்தவளுக்கு. பெத்தவங்களுக்கு இல்ல. அந்த ஒரு நம்பர் இல்லைன்னா மத்தது எதுவும் நடந்திருக்காது.

எனக்கு அது எங்க அத்தை. வருஷா வருஷம் மாசில ஒரு பாட்டில் வடுமாங்கா அனுப்பும். லெட்டர் கிடையாது, அட்வைஸ் கிடையாது. எனக்கு வராது, சமையக்கட்டுக்கு போயிரும், ஆனா வந்துச்சுன்னு தெரியும். அப்பா அனுப்பின லெட்டர் எல்லாம் சத்சங்கத்துல வாசிச்சுக் காட்டுவாங்க, "பாருங்க பாசம் எப்படி கட்டுது"ன்னு. வடுமாங்காய என்னத்த வாசிக்கறது. ஆறாவது வருஷம் கிட்னி கல் வந்து துடிச்சேன், வெந்நீர் குடி, போன ஜென்ம பாக்கின்னாங்க. மூணாம் நாள் விடியறதுக்குள்ள வாசல் கேட்டைத் தாண்டி வந்தப்ப கைல கார்டு இல்ல, ஆதார் இல்ல, போன் இல்ல. அத்தை வீட்டுக்குத்தான் போனேன். என்ன ஏதுன்னு கேக்கல, ஆட்டோக்கு காசு குடுத்துட்டு உள்ள போ சாமின்னுச்சு.

பவானி_ராசா:
வடுமாங்கா அனுப்பினா தோப்பு திரும்பி வந்திருமா?

குமாஸ்தா_62:
வராது. ஆனா வழி இல்லாம இல்ல. கடவுள் பேர சொல்லி குரு சொத்த பூரா எழுதி வாங்கினத 1890லயே அலகாபாத் ஹைகோர்ட் ரத்து பண்ணியிருக்கு, பரலோக புண்ணியம்னு எழுதிக் குடுத்த பெரியவர் அவரே வந்து கேட்டாரு. அதான் விஷயம், எழுதிக் குடுத்தவர் கேக்கணும். உங்க சித்தப்பா பையன் கேக்க மாட்டான்ல? அதனால கொடுமுடி தம்பி, அப்பா அம்மா சொந்தமா சம்பாதிச்ச சொத்துக்கு இப்பவே உயில் எழுதச் சொல்லுங்க, வக்கீல் அட்வான்ஸ அதுக்கு செலவு பண்ணுங்க. அக்கா பங்க யாரும் விழுங்கக் கூடாது, அப்படிச் செஞ்சா திரும்பி வர வீடே இருக்காது, எப்ப எப்படி கைக்கு வரணும்னு மட்டும் எழுதிக்கலாம்.

தங்கமணி_அம்மா:
நான் படிச்சிட்டு மட்டும் இருந்தேன். என் மக மூணு வருஷம் இருந்துட்டு வந்தா. பெரிய விஷயம் எதுவும் தெரியாது, பண்ணத சொல்றேன். அவ பழைய சிம்முக்கு நான் ரீசார்ஜ் போட்டுட்டே இருந்தேன், நம்பர் செத்துட்டா பேங்க்ல ஓடிபி கூட வராது. சர்டிபிகேட் எல்லாம் பீரோல. அவ ரூம சாமான் ரூம் ஆக்கல. போன்ல சாமிய பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன், சொன்னா அவளுக்கு பதில் சொல்ல கத்துக்குடுத்திருப்பாங்க, தக்காளி என்ன விலைன்னு சொன்னா என்ன பதில் சொல்லுவா? ஆனா அவளுக்கு தைராய்டு மாத்திரை உண்டு, அத நிறுத்தறாங்களான்னு மட்டும் ஒவ்வொரு வாரமும் கேப்பேன். நிறுத்தியிருந்தா போலீஸோட போயிருப்பேன், பொறுமையும் கிடையாது ஒண்ணும் கிடையாது.

மௌனம்_நல்லது:
அம்மா சொன்னதுக்கு நான் எதிர்ப்பு சொல்ல மாட்டேன். பவானி கேட்டதுக்கும் நேத்து பதில் சொல்லல. எங்க இடத்துல இருந்து போனவங்கள பத்தி என்ன பேசறோம்னு இப்பத்தான் யோசிச்சேன். பேசறதே இல்ல.

கொடுமுடிக்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. இன்னிக்கு கால் வந்துச்சு. அப்பாவ தோட்டத்துக்கு அனுப்பிட்டு நானே எடுத்தேன். எப்பவும் அவ 'நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்'னு நாலு தடவை சொல்லிட்டு வச்சிருவா. நான் செவலை கன்னு போட்டிருக்குன்னேன், கெடாரி கன்னுன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "நெத்தில வெள்ளை இருக்கா"ன்னு கேட்டா. இருக்குன்னேன். ஏழு நிமிஷம் அதையேதான் பேசினோம். அப்பா இன்னும் வக்கீல்கிட்ட வேண்டாம்னு சொல்லல, வேணும்னும் சொல்லல.

பவானி_ராசா:
உயில் எழுதிடுங்க தம்பி, அத தள்ளிப் போடாதீங்க. கன்னுக்குட்டிய போட்டோ எடுத்து வையுங்க, அடுத்த ஞாயிறு கேப்பா.