மறுமொழி: அடுக்குக் காந்தமா, ஏட்டுக் காந்தமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மெல்லிய தளங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த காந்தப் படிகங்களுக்கு (layered magnets) நாம் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்குக் குடந்தை ஐயா முன்வைத்த 'அடுக்குக் காந்தம்' காதுக்கு இதமான சொல்தான். ஆனால் இப்படிகங்களை உயர் அழுத்தத்தில் நெருக்குவது பற்றி ஒரு பத்தி எழுதிப் பார்த்தால் அது காலை வாரிவிடுகிறது.

இப்பொருள்களில் ஒரு தளத்துக்குள் அணுக்கள் வேதிப் பிணைப்பால் இறுகியிருக்கின்றன. தளங்களுக்கு நடுவே வலுக்குறைந்த வாண்டர்வால்ஸ் விசை மட்டுமே. அழுத்தினால் முதலில் விட்டுக்கொடுப்பது அந்த இடைவெளிதான். கதை அதோடு முடியவில்லை. இவற்றில் ஒன்றான குரோமியம் டிரைஅயோடைடின் இரட்டைத் தளத்தில், குளிர்ந்த நிலையில், இரு தளங்களின் காந்தத் திசைகளும் எதிரெதிராக இருக்கும். 2019இல் வெளிவந்த ஆய்வுகளில் அதை 2 ஜிகாபாஸ்கலை ஒட்டி, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 20,000 மடங்கு, அழுத்தினார்கள். ஒரு தளம் மற்றதன்மேல் பக்கவாட்டில் நகர்ந்து அமர்ந்தது, திசைகள் ஒன்றாயின. அழுத்தத்தை விலக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. ஈரம் தெளித்த வெற்றிலைக் கவுளியை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள்: இலை கிழியாது, ஒன்றின்மேல் ஒன்று வழுகும், காம்புகளின் வரிசை கலையும்.

ஆகவே தனித் தளத்துக்கு ஒரு சொல், தளங்கள் அமர்ந்திருக்கும் விதத்துக்கு வேறொரு சொல் வேண்டும். 'அடுக்கு' இரண்டையும் சுமந்தால் 'அடுக்குகளின் அடுக்கு மாறியது' என்று எழுத நேரும். மேலே நான் எழுதிய 'தளம்' கணிதத்துக்கும் இணையத்துக்கும் போய்விட்டது. 'படலம்' பூசியதைக் குறிக்கிறது. மிஞ்சுவது 'ஏடு'. பனையேடும் பாலேடும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கக் கூடியவை. இந்தப் படிகங்களிலும் பசைநாடாவை ஒட்டி உரித்தே தனி ஏட்டை எடுக்கிறார்கள்.

'ஏட்டுக் காந்தம்' என்றால் ஏட்டுச் சுரைக்காய்தான் நினைவுக்கு வரும் என்று மன்னார்குடி அம்மையார் ஆட்சேபித்தார். நியாயம்தான், திருவாரூரில் என் மாணவர்களும் அதற்குத்தான் சிரித்தார்கள். எனவே 'ஏட்டடுக்குக் காந்தம்' என்று வைக்கலாம். கொஞ்சம் வாய் நிறையும், பரவாயில்லை. அடுக்கும் விதத்துக்கு 'அடுக்குமுறை' போதும்.

ஏடுகளுக்கு இடையிலான காந்தத் தொடர்புக்கு 'ஏட்டிடைப் பிணைப்பு' என்று நன்னிலம் நண்பர் எழுதியிருந்தார். இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏடுகளுக்கு நடுவே இல்லாத ஒன்றே வேதிப் பிணைப்பு. அதன் பெயரையே அங்கே கொண்டுபோய் வைப்பானேன்? 'இணைவு' அணுக்கருவுக்குப் போயிற்று. 'ஏட்டிடை ஊடாட்டம்' என்பேன்.

கருவியின் பெயரில் சண்டை வேண்டாம். இரு வைர முனைகளுக்கு நடுவே பொருளை வைத்து நெருக்குவது 'வைரப் பட்டடை'. கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறைகளில் பட்டடை என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சோதனைக்கு ஒரு வாக்கியம்: "இரும்பு பாஸ்பரஸ் டிரைசெலினைடு என்னும் ஏட்டடுக்குக் காந்தம், வைரப் பட்டடையில் சுமார் 9 ஜிகாபாஸ்கலை எட்டும்போது, இரும்பின் காந்தத் திருப்புத்திறன் சரிந்து, மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் மின்தடையற்ற மீக்கடத்தியாகிறது."

உரக்கப் படித்துவிட்டு, நா இடறும் இடத்தைச் சுட்டுங்கள். அணு ஒரு சிறு காந்தமாக இருக்கும் வலிமைக்கு (magnetic moment) நான் வைத்த 'திருப்புத்திறன்' எனக்கே உறுத்துகிறது.