கார்க் நகரில் பெற்றோருடன் நான்கு நாட்கள்: அங்கேயே தங்குவதா, டப்ளினிலிருந்து ஒருநாள் போய்வருவதா?

வைகறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில் வசிக்கிறேன். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருக்கிறேன். வரும் ஜூன் மாதத்தில் என் அப்பாவும் அம்மாவும் இந்தியாவிலிருந்து என்னிடம் வருகிறார்கள். அவர்களை நான்கு நாட்களுக்கு அயர்லாந்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அப்பா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எதையும் நின்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் மெதுவாக எவ்வளவு தொலைவும் நடப்பார், ஆனால் படிகள் என்றால் சிரமம். இருவரும் சைவ உணவு மட்டுமே உண்பவர்கள்.

நான் அணுகிய பயண முகவர், நான்கு நாட்களும் டப்ளினில் தங்கிக்கொண்டு, அவற்றில் ஒரு நாள் சுற்றுலாப் பேருந்தில் பிளார்னி கோட்டையையும் கார்க் நகரத்தையும் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம் என்கிறார். எனக்கோ பெரிய தலைநகரங்களைப் பார்த்துச் சலித்துவிட்டது. கார்க்கிலேயே தங்கிவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. நான்கு நாட்களுக்கு அந்த ஊரில் பார்க்க இருக்கிறதா? பெற்றோர் விசாவைப் பற்றியும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

லீ நதிக்கரை

வணக்கம். நான் கார்க்கில் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: கார்க்கிலேயே தங்குங்கள். டப்ளினுக்கும் கார்க்குக்கும் இடையே சுமார் 260 கிலோமீட்டர். ஒருநாள் பேருந்தில் போனால் போகவும் வரவும் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருக்கையிலேயே கழிந்துவிடும். பிளார்னிக்கு ஒதுக்கியது போக, நகரத்துக்கென்று மிஞ்சுவது ஒன்றிரண்டு மணி நேரம்தான். முழங்கால் வலி உள்ளவரை அப்படி உட்கார வைப்பதும் நல்லதல்ல. லண்டனிலிருந்து கார்க்குக்கு நேரடி விமானம் இருக்கிறது. டப்ளினையும் ஒரு நாள் பார்க்க வேண்டுமென்றால், அங்குள்ள ஹூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் கார்க்கின் கென்ட் நிலையத்துக்கு வந்துவிடலாம். பயணச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்தால் கட்டணம் குறையும்.

கார்க் என்பது ஐரிஷ் மொழியின் 'கோர்க்கி' என்ற பெயரிலிருந்து வந்தது. சதுப்பு நிலம் என்று பொருள். நகரின் நடுப்பகுதி, லீ ஆறு இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேரும் இடைவெளியில் ஒரு தீவாக அமைந்திருக்கிறது. இன்றைய முக்கியத் தெருக்கள் பலவும் பதினெட்டாம் நூற்றாண்டு வரை படகு ஓடிய வாய்க்கால்கள். அவற்றை மூடித்தான் தெருவாக்கினார்கள். புனித பேட்ரிக் தெரு ஏன் அப்படி வளைந்து போகிறது என்று கேட்டால், ஆறு அப்படி வளைந்து ஓடியது என்பதுதான் விடை. சவுத் மால் தெருவில் சில பழைய கட்டடங்களின் வாசல் தரையிலிருந்து உயர்ந்து, படியேறிப் போகும்படி இருக்கும். அதற்குக் கீழே வளைவு வைத்த சிறு கதவு தெரியும். படகை உள்ளே இழுத்து நிறுத்திய இடம் அது. அப்பாவிடம் காட்டுங்கள், அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிடுவார். இந்தத் தீவுப் பகுதி முழுவதும் சமதளம் என்பதால் அம்மாவுக்கும் எளிது.

அப்பா கணித ஆசிரியர் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கார்க் பல்கலைக்கழகக் கல்லூரி. ஜார்ஜ் பூல் 1849-இல் இங்கே முதல் கணிதப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன். பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். இன்றைய கணிப்பொறிகளின் அடியில் ஓடும் தருக்க இயற்கணிதத்தை விரித்துரைக்கும் அவரது முதன்மையான நூல் 1854-இல் வெளிவந்தபோது அவர் இந்த ஊரில்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஆற்றோரமாக கிரென்வில் பிளேஸில் அவர் வாழ்ந்த வீடு இன்றும் இருக்கிறது. 1864-இன் இறுதியில், கொட்டும் மழையில் கல்லூரிக்கு நடந்து வந்து, நனைந்த உடையோடு வகுப்பெடுத்ததால் நுரையீரல் காய்ச்சல் கண்டு, 49 வயதில் இறந்தார். அதே வளாகத்தின் பழைய கட்டடத்தில் கல் நடைக்கூடம் என்றொரு பகுதியில் 28 ஓகம் கல்வெட்டுகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். கல்லின் விளிம்பில் கோடு கோடாக வெட்டிய பழைய ஐரிஷ் எழுத்து அது. நம் ஊர் நடுகற்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தக் கூடத்தை விட்டு நகர மனம் வராது. வளாகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை.

இன்னோர் இடத்தையும் தவறவிடாதீர்கள். நகர மண்டபத்தின் முன்னால் இரண்டு மேயர்களின் மார்பளவுச் சிலைகள் உள்ளன. இருவரும் அயர்லாந்து விடுதலைப் போராட்டக் காலத்தவர்கள். ஒருவர் டோமாஸ் மக்கர்டின். 1920 மார்ச் 20 அன்று தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் மேயரான டெரன்ஸ் மக்ஸ்வீனி, லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாட்கள் உண்ணாநோன்பிருந்து அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று உயிர்நீத்தார். அந்த டிசம்பரில் பிரிட்டிஷ் படையினர் வைத்த தீயில் நகர மண்டபமும் நூலகமும் புனித பேட்ரிக் தெருவின் பெரும்பகுதியும் எரிந்தன. இப்போதுள்ள மண்டபம் 1936-இல் திறக்கப்பட்டது. மக்ஸ்வீனியின் சிலை முன் நான் நின்றபோது, லாகூர் சிறையில் 63 நாட்கள் பட்டினி கிடந்து இறந்த ஜதீந்திரநாத் தாஸும், தமிழ்நாடு என்ற பெயருக்காக உண்ணாநோன்பிருந்து 1956-இல் உயிர்விட்ட சங்கரலிங்கனாரும் நினைவுக்கு வந்தார்கள். பயணக் கையேடுகள் பலவும் இந்த இடத்தை ஒரே வரியில் கடந்துபோவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

துறைமுகத்தான்

மேலே எழுதியவரோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் நான்கு நாட்களில் ஒன்றைக் கட்டாயம் கோவ் ஊருக்கு ஒதுக்குங்கள். கென்ட் நிலையத்திலிருந்து சிறு ரயிலில் 25 நிமிடப் பயணம். பாதி வழியில் இரு பக்கமும் நீர் விரியும். அம்மாவை ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.

ஆங்கிலேயர் ஆட்சியில் விக்டோரியா அரசி வந்து போன 1849 முதல் இந்த ஊர் குயின்ஸ்டவுன் என்று அழைக்கப்பட்டது. விடுதலைக் காலத்தில்தான் பழைய பெயர் திரும்பியது. டைட்டானிக் கப்பல் கடைசியாக நின்ற துறைமுகம் இதுவே: 1912 ஏப்ரல் 11 அன்று 123 பேர் இங்கே ஏறினார்கள். எல்லோரும் டைட்டானிக்குக்காகவே வருகிறார்கள் என்றாலும், எனக்கு இந்த ஊரின் உண்மையான கதை புலம்பெயர்வுதான். 1848-க்கும் 1950-க்கும் இடையே சுமார் 25 லட்சம் பேர் இந்தத் துறை வழியாக நாட்டை விட்டுப் போனார்கள். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் தொடங்கிய ஓட்டம் அது. நியூயார்க்கின் எல்லிஸ் தீவு 1892 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டபோது முதலில் பதிவானவர் ஆனி மூர் என்ற இளம்பெண். தம் இரு தம்பியரோடு இங்கிருந்துதான் கப்பல் ஏறியவர். மூவரும் நிற்கும் சிலை கரையோரம் இருக்கிறது. கடல் கடந்து பிழைக்கப் போனவர்களை வீட்டுக்கு வீடு கொண்ட நமக்கு அந்தச் சிலை தெரியாதவர்களின் சிலையாகத் தோன்றாது.

புலம்பெயர்வைச் சொல்லும் பாரம்பரிய மையம் ரயில் நிலையக் கட்டடத்திலேயே அமைந்திருப்பதால் அம்மா நடக்க வேண்டியதே இல்லை. புனித கோல்மன் பேராலயம் மட்டும் மேட்டில் இருக்கிறது, ஏற்றம் செங்குத்தானது. அதற்கு டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னாள் ஆய்வு மாணவி

பிளார்னியைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். கோட்டை 1446-இல் கட்டப்பட்டது. நகரிலிருந்து எட்டு கிலோமீட்டர். 215-ஆம் எண் பேருந்து அங்கே போகிறது. பேச்சுத்திறன் தரும் என்று நம்பப்படும் கல், கோட்டையின் உச்சியில் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் கொண்ட குறுகலான சுழல் படிக்கட்டில் ஏறி, மல்லாந்து படுத்துத் தலையைப் பின்னால் தொங்கவிட்டு அந்தக் கல்லை முத்தமிட வேண்டும். ஏறத் தொடங்கினால் பின்னால் வருபவர்கள் நெருக்கிக்கொண்டே வருவார்கள். இடையில் திரும்பி இறங்குவது கடினம். அம்மாவை ஏற்ற வேண்டாம். கீழே உள்ள தோட்டங்கள் விரிவானவை, அங்கே அவர் மகிழ்ச்சியாக இருப்பார். என்னைக் கேட்டால், மழை நாளில் பிளார்னியை விட்டுவிட்டாலும் குறையில்லை.

ஷாண்டன் குன்றிலுள்ள புனித அன்னாள் தேவாலயம் வேறு விதம். 1722-இல் கட்டிய கோபுரம். இரண்டு பக்கம் செம்மணற்கல், இரண்டு பக்கம் வெண்சுண்ணக்கல். நான்கு பக்கக் கடிகாரங்களும் சற்றுச் சற்று வேறு நேரம் காட்டுவதால் ஊரார் அதற்கு 'நான்கு முகப் பொய்யன்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். உச்சிக்கு 132 படிகள். ஆனால் மணியடிக்க உச்சிக்குப் போக வேண்டியதில்லை. முதல் தளத்திலேயே எண்ணிட்ட எட்டுக் கயிறுகள் இருக்கின்றன. எந்த எண்ணுக்குப் பின் எந்த எண் என்று எழுதிய தாளைப் பார்த்து இழுத்தால், மேலே மணிகள் ஒலித்து ஊர் முழுவதும் கேட்கும். என் அம்மா வந்தபோது அந்த முதல் தளம் வரை மெல்ல ஏறி, கயிற்றை விட மனமில்லாமல் மூன்று பாட்டு வாசித்தார்.

வைகறை

இவ்வளவு அக்கறையோடு எழுதிய மூவருக்கும் நன்றி. கார்க்கிலேயே தங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். பூல் பற்றிய பகுதியைத் தொலைபேசியில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மழையில் நனைந்து வகுப்பெடுத்தார் என்ற இடத்தில் சற்று நேரம் பேசாமல் இருந்தார். உணவு, மழை, விசா ஆகிய மூன்றும்தான் இப்போது மிச்சம். வெள்ளி முதல் திங்கள் வரை திட்டமிடுகிறேன்.

லீ நதிக்கரை

வெள்ளி அல்லது சனிக்கிழமை காலையில் இங்கிலீஷ் மார்க்கெட்டுக்குப் போய்விடுங்கள்; ஞாயிற்றுக்கிழமை அது மூடியிருக்கும். 1788 முதல் நடக்கும் கூரையிட்ட சந்தை. இறைச்சி, மீன் கடைகளைக் கடந்துதான் போக வேண்டும் என்பதை அவர்களிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. உள்ளே ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆலிவ், பழம் எல்லாம் கிடைக்கும்; வாங்கிக்கொண்டு அருகிலுள்ள பிஷப் லூசி பூங்கா திறந்திருந்தால் அங்கே உட்காரலாம். உணவகங்களில் சூப் கேட்கும்போது, காய்கறி சூப்பாகவே இருந்தாலும், கோழிச்சாறு சேர்த்தார்களா என்று கேட்டுவிடுங்கள்; சேர்ப்பது வழக்கம். நகரில் இந்திய உணவகங்கள் உண்டு. பல இடங்களில் இரவு ஒன்பது மணியோடு சமையல் முடிந்துவிடும். ஜூன் மாதத்தில் பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால், நேரம் போனது தெரியாமல் பசியோடு நின்றவர்களில் நானும் ஒருவன்.

மழை எந்த நாளும் வரும். காற்று குடையைத் திருப்பிவிடும் என்பதால் தலைமூடி வைத்த மழைச்சட்டை ஆளுக்கு ஒன்று எடுத்து வாருங்கள். நகரப் பேருந்துக்கும் கோவ் ரயிலுக்கும் லீப் கார்டு (பணம் ஏற்றிப் பயன்படுத்தும் பயண அட்டை) வாங்கினால் கட்டணம் குறைவு.

விசாவைப் பொறுத்தவரை, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் அயர்லாந்து இல்லை. உங்கள் பெற்றோரிடம் ஷெங்கன் விசா இருந்தாலும் இங்கே உதவாது. இந்தியாவில் வழங்கப்படும் பிரிட்டிஷ் சுற்றுலா விசாவில் 'பி.ஐ.வி.எஸ்.' (BIVS, பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம்) என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், அதைக் கொண்டு முதலில் பிரிட்டனுக்குள் நுழைந்த பிறகு, தனி ஐரிஷ் விசா இல்லாமலேயே அவர்கள் அயர்லாந்துக்கு வரலாம். அந்த எழுத்துகள் இல்லையென்றாலும் பயணச்சீட்டு எடுக்கும் முன் ஐரிஷ் குடிவரவுத் துறையின் இணையதளத்தைப் பாருங்கள். குறுகிய கால வருகைக்கான விசா விலக்குத் திட்டம் ஒன்று உண்டு, அதன் விதிமுறைகள் அங்கே இருக்கும். வந்திறங்கும்போது தங்குமிடப் பதிவையும் திரும்பும் பயணச்சீட்டையும் அச்சிட்டு அப்பாவின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். குடிவரவு அலுவலர் அவரிடம்தான் கேட்பார்.