புதுப்பிப்பு: எம்பிராய்டரி மெஷினில் டிசைன் வந்துவிட்டது

பென் டிரைவைச் செருகினால் எம்பிராய்டரி மெஷின் திரையில் ஒரு டிசைனும் தெரியவில்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேனே, இப்போது தெரிகிறது. மெஷின்மேல் குற்றமில்லை, தப்பெல்லாம் என்னுடையதுதான்.

இறக்கிய ஜிப் கோப்பை அப்படியே காப்பி செய்திருந்தேன். மெஷினுக்கு ஜிப்பைப் பிரிக்கத் தெரியாது. பிரித்துப் பார்த்தால் ஒரே பூவுக்கு பிஇஎஸ், ஜெஇஎஃப், டிஎஸ்டி என்று வெவ்வேறு மெஷின்களுக்கான வடிவங்களில் ஏழெட்டுக் கோப்புகள். என் மெஷினுக்கு உரியது பிஇஎஸ். மூன்று டிசைன்களுக்கும் அதை மட்டும் எடுத்து, ஃபோல்டருக்குள் போடாமல் நேராக வைத்தேன்.

அப்புறமும் வரவில்லை! பென் டிரைவ் 64 ஜிபி, எக்ஸ்ஃபேட் என்ற சேமிப்பு முறையில் ஃபார்மட் ஆகியிருந்தது. பல மெஷின்கள் ஃபேட்32 என்ற பழைய முறையைத்தான் படிக்கும். டிராயரில் கிடந்த பழைய 4 ஜிபி டிரைவை அப்படி ஃபார்மட் செய்து போட்டதும் இரண்டு டிசைன்கள் தெரிந்தன. மூன்றாவது? அதன் அகலம் 104 மி.மீ. துணியை இறுக்கிப் பிடிக்கும் என் வளையமோ 100-க்கு 100. நாலு மில்லிமீட்டருக்காக மெஷின் அதைக் காட்டவே இல்லை. சாஃப்ட்வேரில் சற்றே சுருக்கிச் சேமித்தேன், வந்துவிட்டது.

போன வாரப் பதிவைப் பார்த்து, பிஇஎஸ்ஸுக்குப் பதில் டிஎஸ்டியை முயலச் சொன்னவர்களுக்கு: அதையும் பார்த்தேன். டிசைன் வந்தது, நிறங்கள் தாறுமாறு. நூலை எங்கே மாற்ற வேண்டும் என்பது அந்தக் கோப்பில் இருக்கும், எந்த நிறம் என்பது இருக்காது. பச்சை இதழ், சிவப்பு இலை. நல்லவேளை, திரையில்தான், துணியில் இல்லை.

சரி, முதல் பூ ஓடிக்கொண்டிருக்கிறது. அடிநூல் தீர்ந்துவிட்டதென்று மெஷின் கத்துகிறது, போய்ப் பார்க்கிறேன்.