பாபிங்கோ: எந்த வேலைக்கு யாரிடம் போவது

கிரீஸின் வடமேற்கில், எபிரஸ் மலைப்பகுதியில் இருக்கும் பாபிங்கோ 2010 வரை சொந்த வரவுசெலவு வைத்திருந்த சிற்றூர். 1997ஆம் ஆண்டின் கபோதிஸ்ட்ரியாஸ் சட்டம் நாடு முழுக்க ஊர்களைச் சேர்த்துக் கட்டியபோதும் அது தனி ஊராட்சியாகவே நின்றது. 2011 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த காலிக்ராட்டிஸ் உள்ளாட்சிச் சீர்திருத்தம்தான் அதைச் சாகோரி நகராட்சிக்குள் கொண்டுபோனது. நகராட்சியின் தலைமையிடம் அஸ்ப்ராங்கெலி.

இங்கே வீடோ மனையோ வைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் ஊர்த் தலைவரைக் கூப்பிடுவதில் பயனில்லை. 500 பேர் வரை உள்ள ஊருக்கு மன்றம் கிடையாது, தலைவர் ஒருவர்தான். பழுதைத் தெரிவிப்பார், கருத்துச் சொல்வார். செலவை முடிவு செய்வது நகராட்சி. தெருவிளக்கு, குடிநீர், குப்பை எதுவானாலும் மனுவை அங்கே அனுப்பிப் பதிவு எண் வாங்குங்கள், நகலைத் தலைவருக்குக் கொடுங்கள். பொதுவாக 50 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டம். பதிவு எண் இல்லாவிட்டால் அந்த 50 நாளை எங்கிருந்து எண்ணுவது?

அதிகம் சிக்கல் தருவது பூட்டிய வீடு. துப்புரவு, தெருவிளக்குக் கட்டணமும் நகராட்சிச் சொத்து வரியும் சதுர மீட்டர் கணக்கில் மின்கட்டண ரசீதோடு வரும். மின்சாரத்தைத் துண்டித்தால் எல்லாம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்பது ரசீதுதான். வீடு பயன்பாட்டில் இல்லை என்ற உறுதிமொழியும், இணைப்பு இல்லை என்று மின்வலையமைப்பு நிறுவனம் தரும் சான்றும் நகராட்சிக்குப் போனால்தான் துப்புரவு, விளக்குக் கட்டணத்திலிருந்து விலக்கு. சொத்து வரி பாக்கி அப்போதும் சேர்ந்துகொண்டே இருக்கும். மறுபடி இணைப்பு வாங்கினால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

காலிமனைக்காரர்கள் மே 1க்கு முன்பே ஆள் பார்த்துவிடுவது நல்லது. அன்றிலிருந்து அக்டோபர் 31 வரை தீத்தடுப்புக் காலம். ஊருக்குள்ளும் ஊர் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரையும் புல், புதரை வெட்டி, வெட்டியதை அப்புறப்படுத்த வேண்டும். வெட்டியதை அங்கேயே குவித்து வைத்தால் காய்ந்து எரிபொருளாகிவிடும். நீங்கள் செய்யாவிட்டால் நகராட்சி செய்து செலவை உங்கள் பெயரில் எழுதும்.

கூரையின் கற்பலகையை மாற்றுவதற்குக் கட்டட அனுமதிப் பிரிவில் முதலில் கேளுங்கள். பாதுகாக்கப்பட்ட பழைய குடியிருப்பில் தகரமோ ஓடோ விருப்பப்படி போட முடியாது.

ஊர்த் தலைவரைத் தேர்ந்தெடுக்க 2019 முதல் தனி வாக்குச்சீட்டு. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு 2024இல் தபாலில் வாக்களித்தவர்கள் இதற்கும் அப்படியே என்று எண்ண வேண்டாம். 2023 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலில் நேரில் வந்தவர்களே வாக்களிக்க முடிந்தது.